அவர் கைக்கு எந்த மோதிரம்? முதன்முதலாக நிச்சயதார்த்த மோதிரம் வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிச்சயதார்த்த மோதிரம் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கல்லில்தான் தொடங்குகிறார்கள். எத்தனை காரட், என்ன வடிவம், வைரமா நீலமா என்று நாள்கணக்கில் தேடிவிட்டு, கடைசியில்தான் "இது அவருக்குப் பிடிக்குமா?" என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றச் சொல்வேன். கல்லை அப்புறம் பார்க்கலாம், முதலில் அவர் கையைப் பாருங்கள்.

கம்மலும் சங்கிலியும் எதிலும் அதிகம் இடிபடுவதில்லை. மோதிரம் அப்படியில்லை. கதவுக் கைப்பிடி, பைப்பட்டை, பாத்திரம், சோப்பு, சட்டைப் பை என்று நாள் முழுக்க ஏதாவது ஒன்றில் உரசிக்கொண்டே இருக்கும். அதனால் ஒருவருடைய குணம் மோதிரத்தோடு பேசும் இடம், அவர் கைகளைப் பயன்படுத்தும் விதம்தான். 'ரொமான்டிக் ஆளுக்கு இது, மாடர்ன் ஆளுக்கு அது' என்று மனிதர்களை நான்கு வகையாகப் பிரித்து மோதிரம் சொல்லும் பட்டியல்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. அமைதியான சுபாவம் உள்ளவர் பெரிய கல்லை ஆசையாகப் போட்டுக்கொள்வார். கலகலப்பானவர் மெல்லிய வளையத்துக்கு மேல் எதையும் தாங்கமாட்டார். ஊகித்து முடிவெடுப்பதைவிடப் பார்த்துத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில், சில வாரங்கள் கவனியுங்கள்

அவர் தினமும் போடும் நகை எது, விசேஷத்துக்கு மட்டும் எடுப்பது எது என்று பாருங்கள். தினமும் போடுவதுதான் அவருடைய உண்மையான ரசனை. அது மஞ்சள் தங்கமா, வெள்ளை நிறமா, ரோஸ் கோல்டா? மெல்லியதா, கனமானதா? கல் வைத்ததா, வெறும் உலோகமா? நகையே போடாதவர் என்றால் கைக்கடிகாரம், கண்ணாடி ஃப்ரேம், பையின் கொக்கி ஆகியவற்றைப் பாருங்கள். தனக்கென்று அவரே தேர்ந்தெடுத்த பொருள்களில் ஒரு போக்கு தெரியும்.

அடுத்து வேலை. மருத்துவமனையில் வேலை செய்பவர் நாளுக்குப் பல முறை கையுறை மாட்டிக் கழற்றுவார், உயரமான கல் கையுறையைக் கிழித்துவிடும். களிமண், மாவு, பெயின்ட், தோட்டத்து மண் இவற்றில் கை வைப்பவருக்கு இடுக்கு நிறைந்த டிசைன் ஒத்துவராது. கிட்டார் வாசிப்பவருக்கு எந்தக் கை தந்திமேல் இருக்கிறது என்பது முக்கியம். ஜிம்மில் கம்பி பிடிப்பவர், இயந்திரங்களோடு வேலை செய்பவர் வேலை நேரத்தில் மோதிரத்தைக் கட்டாயம் கழற்ற வேண்டும். மோதிரம் எதிலாவது மாட்டி இழுத்தால் விரலே போய்விடும் அளவுக்குக் காயமாகலாம். இப்படிப்பட்டவர்களுக்கு நல்ல மோதிரத்தோடு வேலை நேரத்துக்கென்று ரப்பர் போன்ற ஒரு சிலிக்கோன் வளையமும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். அவர் வாழ்க்கையைப் புரிந்துவைத்திருக்கிறீர்கள் என்று அதுவே சொல்லிவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். நகையைக் கழற்றி எங்கே வைக்கிறார்? ஒரே டப்பாவில் பத்திரமாக வைப்பவரா, வாஷ்பேசின் ஓரத்தில் வைத்துவிட்டு மறந்து போகிறவரா? இரண்டாவது வகை என்றால், கழற்றவே தேவைப்படாத மோதிரமாகப் பார்க்க வேண்டும். தாழ்வாக, வழவழப்பாக, தண்ணீர் பட்டாலும் கவலையில்லாத ஒன்று.

ரகசியமாக வாங்குவதா, கேட்டு வாங்குவதா

என் கருத்து தெளிவானது: திருமணத்துக்குக் கேட்கும் தருணம் ஆச்சரியமாக இருக்கட்டும், மோதிரம் ஆச்சரியமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆண்டுக்கணக்கில் தினமும் போடப்போகிற ஒரு பொருளில் அவருக்கும் ஒரு சொல் இருப்பது நியாயம்தானே. சிறு விஷயங்களிலும் தன் விருப்பப்படி முடிவெடுக்கிறவர் என்றால் நேராகவே கேட்டுவிடுங்கள். "மோதிரம் என்றால் உனக்கு எந்த மாதிரி பிடிக்கும்?" என்று ஒரு கேள்வி போதும்.

ஆச்சரியங்களை உண்மையிலேயே ரசிக்கிறவர் என்றால் அவருடைய சகோதரியோ நெருங்கிய நண்பரோ உதவுவார்கள். நடுவழியும் உண்டு: எளிய வளையம் ஒன்றைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, உண்மையான மோதிரத்தை இருவரும் சேர்ந்துபோய் வாங்கலாம். கல்லை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுத்து, அதைப் பதிக்கும் விதத்தை அவரிடம் விட்டுவிடலாம். விரலில் எதுவும் போடப் பிடிக்காதவரும் இருக்கிறார். அவரை மாற்றப் பார்க்க வேண்டாம், மோதிரத்தைச் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொண்டாலும் அது நிச்சயதார்த்த மோதிரம்தான்.

கல்லைப் பதித்திருக்கும் விதம்

கடையில் எல்லோரும் கல்லையே பார்ப்பார்கள். நீங்கள் மோதிரத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். கல் விரலிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? அதைப் பிடித்திருப்பது எது?

மிகப் பரவலானது பிராங் செட்டிங். நான்கோ ஆறோ சிறு கொக்கிகள் கல்லைப் பிடித்திருக்கும். டிஃபனி நிறுவனம் 1886இல் ஆறு கொக்கிகளோடு கல்லை வளையத்துக்கு மேலே தூக்கிவைத்து வெளியிட்ட மோதிரம்தான் இன்றைய ஒற்றைக்கல் மோதிரங்கள் பலவற்றுக்கும் முன்மாதிரி. எல்லாப் பக்கமும் வெளிச்சம் புகுவதால் கல் நன்றாக மின்னும். ஆனால் கொக்கிகள் கம்பளி நூலிலும் தலைமுடியிலும் மாட்டும், காலப்போக்கில் தேயவும் செய்யும். நான்கு கொக்கிகளில் ஒன்று போனால் கல் விழும் ஆபத்து அதிகம். ஆறில் ஒன்று போனாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் கவனக்குறைவான ஆளுக்கு ஆறு கொக்கிதான் என் சிபாரிசு.

பெசல் செட்டிங்கில் கல்லைச் சுற்றி உலோக விளிம்பு முழுவதும் மூடியிருக்கும். எதிலும் மாட்டாது, கல்லின் ஓரம் உடையாது, துடைப்பதும் சுலபம். கைவேலை செய்கிறவர், குழந்தைகளைத் தூக்குகிறவர், விளையாட்டு வீரர் எல்லோருக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். பார்க்கக் கல் கொஞ்சம் அடக்கமாகத் தெரியும், அவ்வளவுதான். அதைவிட அடக்கம் வேண்டும் என்றால் கல்லை வளையத்துக்குள்ளேயே புதைத்துப் பதிப்பார்கள். மேலே ஒன்றுமே துருத்தாது.

நடுக்கல்லைச் சுற்றிச் சின்னக் கற்கள் வைப்பது ஹேலோ, வளையம் முழுக்கப் பொடிக்கற்கள் பதிப்பது பாவே. இரண்டும் கண்ணைப் பறிக்கும், பளபளப்பை விரும்புகிறவர் மகிழ்ந்துபோவார். பொடிக்கற்கள் எத்தனை இருக்கின்றனவோ, ஒன்று கழன்று விழ அத்தனை வாய்ப்பு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வளையத்தைச் சுற்றி முழுவதும் கல் பதித்துவிட்டால் பிறகு அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாடு.

உலோகம்

அவர் ஏற்கெனவே போடும் நிறத்தோடு போங்கள் என்பதுதான் முதல் விதி. மற்ற விவரங்கள் சுருக்கமாக:

தங்கத்தின் தூய்மை 24 பங்குகளில் கணக்கிடப்படுகிறது. 22 காரட் என்றால் 91.6 சதவீதம், 18 காரட் 75 சதவீதம், 14 காரட் சுமார் 58.5 சதவீதம். உள்பக்கம் 916, 750, 585 என்று முத்திரை இருப்பதைப் பாருங்கள். தூய்மை கூடக்கூடத் தங்கம் மிருதுவாகிறது. 22 காரட் வளையத்தின் நிறம் அழகுதான், ஆனால் கல்லைப் பிடிக்கும் மெல்லிய கொக்கிகளுக்கு 18 அல்லது 14 காரட் பொருத்தமாக இருக்கும்.

வெள்ளைத் தங்கத்தின் பளிச்சென்ற வெண்மை அதன் மேல் பூசிய ரோடியம் என்ற உலோகத்தால் வருவது. பூச்சு தேயும்போது உள்ளிருக்கும் லேசான மஞ்சள் தலைகாட்டும், மறுபடி பூச வேண்டும். கடைக்கு அலையப் பிடிக்காதவருக்கு இது தொல்லை. சில வெள்ளைத் தங்கத்தில் நிக்கல் கலந்திருக்கும். மலிவான கம்மல் போட்டால் காது அரிக்கிறது என்று அவர் சொல்லியிருந்தால், நிக்கல் இல்லாததா என்று கேட்டு வாங்குங்கள். பிளாட்டினத்துக்குப் பூச்சு தேவையில்லை, அது பெரும்பாலும் 95 சதவீதத் தூய்மையில் வரும், ஒவ்வாமை மிக அரிது. கையில் கனம் தெரியும். கீறல் விழும், ஆனால் உலோகம் அதிகம் தேய்ந்து போகாமல் ஓரமாக ஒதுங்கி நிற்பதால் மங்கலான ஒரு தோற்றம் வரும். பழசாகிற பொருளின் அழகை விரும்புகிறவருக்கு அது பிடிக்கும். எப்போதும் புதிதுபோல மின்ன வேண்டும் என்பவருக்கு அவ்வப்போது பாலிஷ் தேவைப்படும். டைட்டானியமும் டங்ஸ்டனும் உறுதியானவைதான், என்றாலும் அளவு மாற்றுவது கடினம்.

கல்: அழகுக்கு முன் உறுதி

கற்களின் கடினத்தை மோஸ் அளவுகோலில் 1 முதல் 10 வரை சொல்வார்கள். வைரம் 10. மாணிக்கமும் நீலமும் 9, இரண்டும் ஒரே கனிமம்தான், நிறம் மட்டும் வேறு. மரகதம் 7.5 முதல் 8. செவ்வந்திக்கல் 7. ஓப்பல் 5.5 முதல் 6.5. முத்து வெறும் 2.5 முதல் 3 வரை.

இதில் 7 என்ற எண்ணை மனத்தில் வையுங்கள். வீட்டில் படியும் சாதாரணத் தூசியில் குவார்ட்ஸ் துகள்கள் கலந்திருக்கும், அதன் கடினம் 7. ஆகவே அதற்குக் கீழே உள்ள எந்தக் கல்லும் துடைக்கத் துடைக்கவே நுண்ணிய கீறல் விழுந்து மங்கிப்போகும். முத்தும் ஓப்பலும் எவ்வளவு அழகாக இருந்தாலும் தினமும் போடும் மோதிரத்துக்கு நான் சொல்லமாட்டேன். முத்துக்கு வியர்வையும் வாசனைத் திரவியமும்கூட ஆகாது. அவருக்கு முத்து உயிர் என்றால், அதைக் கம்மலில் வைத்துக் கொடுங்கள்.

கடினம் வேறு, அடி தாங்கும் தன்மை வேறு. வைரத்தை மற்றொரு வைரம்தான் கீற முடியும் என்றாலும், சில திசைகளில் சரியான கோணத்தில் அடிபட்டால் அது பிளந்துவிடும். மரகதத்தின் உள்ளே இயற்கையாகவே விரிசல்கள் இருக்கும். பெரும்பாலான மரகதங்களில் அந்த விரிசல்களை எண்ணெயாலோ பிசினாலோ நிரப்பித்தான் விற்கிறார்கள். எனவே மரகத மோதிரம் பொறுமையாக, பார்த்துப் பார்த்துப் பொருள்களைக் கையாளுகிறவருக்கு. வேகமாக எழுந்து மேஜையில் கையை இடித்துக்கொள்கிறவருக்கு அதே பச்சையில் வேறு கல் பார்க்கலாம். நீலக்கல் வகையில் பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று சிவப்பைத் தவிர ஏறக்குறைய எல்லா நிறமும் கிடைக்கிறது.

வைரம்தான் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உலகம் அதிகம் பார்த்த நிச்சயதார்த்த மோதிரங்களில் ஒன்று பிரிட்டன் இளவரசி டயானாவுக்கு 1981இல் போடப்பட்டது, நடுவில் இருப்பது நீலக்கல். 2010இல் அதே மோதிரம் டயானாவின் மகன் வில்லியம் மணக்கவிருந்த கேத்தரின் விரலுக்கு வந்தது. ஒரு நிறத்தின்மேல் தீராத பிரியம் உள்ளவருக்கு அந்த நிறத்தில் கல் தேடிக்கொடுப்பதைப் போல 'உன்னைக் கவனித்திருக்கிறேன்' என்று சொல்ல வேறு வழி இல்லை.

பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்கும் சுபாவம் உள்ளவர்களும் உண்டு. 2003இல் நடைமுறைக்கு வந்த கிம்பர்லி நடைமுறை, கிளர்ச்சிப் படைகளுக்குப் பணம் சேர்க்கும் பட்டை தீட்டாத வைரங்களின் வணிகத்தைத் தடுப்பதற்கானது. சுரங்கத் தொழிலாளர் நிலை, சுற்றுச்சூழல் பற்றியெல்லாம் அது உத்தரவாதம் தருவதில்லை. இது உறுத்துகிற ஒருவருக்குப் பழைய மோதிரத்திலிருந்து எடுத்த கல், மறுசுழற்சித் தங்கம், அல்லது ஆய்வகத்தில் உருவாக்கிய வைரம் நல்ல தேர்வு. ஆய்வக வைரமும் அதே கார்பன், அதே கடினம். கடைகளில் இருக்கும் சாதாரண சோதனைக் கருவிகூட வித்தியாசம் கண்டுபிடிக்காது, தனிக் கருவிகள் வேண்டும். அதே பணத்துக்குப் பெரிய கல் கிடைக்கும், திரும்ப விற்றால் கிடைக்கும் மதிப்பு மிகக் குறைவு. மொய்சனைட் வேறு பொருள், சிலிக்கான் கார்பைடு. கடினம் 9.25, வைரத்தைவிட அதிகமாக வானவில் நிறங்களைத் தெறிக்கும். எதை வாங்கினாலும் அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். பின்னாளில் வேறொருவர் சொல்லித் தெரிய வரக் கூடாது.

வைரம் என்றால் எதற்குப் பணம் கொடுப்பது

கட், நிறம், தெளிவு, காரட் என்று நான்கைச் சொல்வார்கள். இவற்றில் கட்டிங் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாதது. கல் மின்னுவது பட்டை தீட்டிய கோணங்களால்தான், எடையால் இல்லை. வட்ட வடிவ பிரில்லியன்ட் கட்டில் 57 அல்லது 58 பட்டைகள் இருக்கும். அவை சரியாக அமைந்தால் மேலே நுழைந்த வெளிச்சம் மேலேயே திரும்பிக் கண்ணுக்கு வரும். தப்பினால் அடியில் கசிந்துபோய்க் கல் செத்துக் கிடக்கும்.

நிறத்தை டி முதல் இசட் வரை தரம் பிரிப்பார்கள், டி என்றால் நிறமே இல்லாதது. மஞ்சள் தங்கத்தில் பதிப்பதாக இருந்தால் டி, ஈ, எஃப் என்று மேல்தரத்துக்குப் போவது வீண் செலவு. ஜே, கே தரக் கல்லின் லேசான மஞ்சள் அந்தத் தங்கத்தில் கரைந்துவிடும். பிளாட்டினத்தில் என்றால் இன்னும் வெண்மையாகப் பாருங்கள். தெளிவுக்கு ஒரே சோதனை போதும்: வெறும் கண்ணுக்கு உள்ளே புள்ளியோ கோடோ தெரிகிறதா? தெரியவில்லை என்றால் அதற்கு மேல் கொடுக்கும் பணம் சான்றிதழின் எழுத்துக்குத்தான்.

கல்லுக்குக் காரட் என்பது எடை, தங்கத்தின் தூய்மையைச் சொல்லும் காரட் வேறு. 1 காரட் 0.2 கிராம். ஒரு காரட் வட்ட வைரத்தின் விட்டம் சுமார் 6.5 மில்லிமீட்டர், 0.9 காரட் என்றால் சுமார் 6.2. விரலில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது. ஆனால் அரை, ஒன்று, ஒன்றரை என்ற எண்களைத் தொட்டதும் விலை எகிறும். அதற்குச் சற்றுக் கீழே நின்றுகொள்ளுங்கள்.

வடிவத்தில் அவர் ரசனைக்கு நிறைய இடம் உண்டு. ஓவல், பேரிக்காய், இரு முனையும் கூரான மார்க்கீஸ் போன்ற நீள வடிவங்கள் அதே எடையில் பெரிதாகத் தெரியும், விரலையும் நீளமாகக் காட்டும். எமரால்ட் கட் என்ற செவ்வக வடிவம் பொறிபோல மின்னாது, கண்ணாடிப் பலகைகள் திரும்புவதுபோல அகலமாக ஒளி விட்டு அடங்கும். கூட்டத்தில் தனித்துத் தெரிய விரும்பாத, ஆனால் நுணுக்கமான ரசனை உள்ள ஆளுக்கு அது அவ்வளவு பொருந்தும். அதில் உள் குறைகள் சுலபமாகத் தெரியும் என்பதால் தெளிவை மட்டும் கொஞ்சம் கூட்டிப் பார்க்க வேண்டும். பிரின்சஸ் போன்ற கூர்முனை வடிவங்களுக்கு மூலைகளை மூடும் கொக்கி இருக்கிறதா என்று பாருங்கள், முதலில் உடைவது மூலைதான்.

விரல் அளவு

அவர் அதே விரலில் போடும் மோதிரம் ஒன்று கிடைத்தால் உள்விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து 3.14ஆல் பெருக்குங்கள். 16.5 என்றால் சுற்றளவு சுமார் 52. அளவு எண்கள் நாட்டுக்கு நாடு மாறும், மில்லிமீட்டர் மாறாது. வேறு விரலின் மோதிரம் உதவாது. இடது கை விரலும் வலது கை விரலும்கூடப் பெரும்பாலும் ஒரே அளவில் இருப்பதில்லை.

வெயிலிலும் மாலையிலும் விரல் சற்று வீங்கும், குளிரில் சுருங்கும். நேரில் அளப்பதாக இருந்தால் வெவ்வேறு நேரத்தில் அளந்து பாருங்கள். மூட்டைத் தாண்டும்போது லேசான தடை இருக்க வேண்டும், தாண்டிய பிறகு இறுக்கக் கூடாது. மூட்டு பெரிதாகவும் அடிவிரல் மெலிந்தும் இருப்பவருக்கு, கனமான கல் ஒரு பக்கமாகச் சரிந்து சுண்டுவிரல் பக்கம் போய் உட்காரும். அப்படியானால் தாழ்வான, சற்று அகலமான வளையம் வாங்குங்கள். அகல வளையம் மெல்லியதைவிட இறுக்கமாக உணரப்படும், அரை அளவு கூட்ட வேண்டியிருக்கலாம். அளவு தெரியவே இல்லை என்றால் சற்றுப் பெரியதாக வாங்குங்கள். குறைப்பது கூட்டுவதைவிட எளிது, கொடுக்கும் நேரத்தில் விரலில் நுழையவும் செய்யும்.

கடையில்

கடையின் ஸ்பாட்லைட்டில் எல்லாக் கல்லும் மின்னும். ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பாருங்கள், சாதாரண டியூப்லைட்டிலும் பாருங்கள், உங்கள் கை நிழலிலும் பாருங்கள். அங்கேயும் உயிரோடு இருந்தால் நல்ல கல். ஜிஐஏ, ஐஜிஐ போன்ற சுயேச்சையான ஆய்வகத்தின் அறிக்கை கேளுங்கள். அறிக்கை எண்ணைப் பல வைரங்களின் ஓரத்தில் லேசரால் பொறித்திருப்பார்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸைக் கடையில் கேட்டு வாங்கி இரண்டு எண்ணும் ஒன்றா என்று நீங்களே சரிபாருங்கள். நிறக்கல் என்றால் நிறத்தைக் கூட்டச் சூடுபடுத்தியதா, விரிசலை நிரப்பியதா என்பதை எழுத்தில் கேளுங்கள். அளவு மாற்ற எவ்வளவு, திருப்பிக் கொடுக்கலாமா, ஆண்டுதோறும் கொக்கிகளைச் சரிபார்த்துத் தருவார்களா என்பதும் பில்லில் வரட்டும். சொந்த டிசைன் செய்யச் சொன்னால் சில வாரங்களாவது ஆகும், தேதி நெருங்கும்போது ஓடாதீர்கள்.

பட்ஜெட்டைப் பொறுத்தவரை 'இத்தனை மாதச் சம்பளம்' என்ற கணக்கு விளம்பரங்கள் பரப்பியது. கடன் இல்லாமல் எவ்வளவு முடியுமோ அவ்வளவுதான் பட்ஜெட்.

வாங்கிய பிறகு

வைரத்தில் எண்ணெய்ப் பசை நன்றாக ஒட்டும். சுரங்கங்களில் கிரீஸ் தடவிய பலகைமேல் கற்களை ஓடவிட்டு வைரத்தைப் பிரித்தெடுத்ததே இந்தக் குணத்தை வைத்துத்தான். கைக்கு க்ரீம் தடவுகிறவரின் மோதிரம் சில வாரத்தில் மங்கிவிடும், பயப்பட வேண்டாம். வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு, மென்மையான பிரஷ் போதும். கல்லின் அடிப்பக்கம்தான் அழுக்கு சேரும் இடம், அங்கே தேயுங்கள். மரகதத்தை அல்ட்ராசோனிக் இயந்திரத்தில் போட விடாதீர்கள். நீச்சல் குளத்துக் குளோரின் தங்கக் கலவையை அரிக்கும், குளத்தில் இறங்கும்முன் கழற்றச் சொல்லுங்கள்.

மாதம் ஒருமுறை மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் மெல்லத் தட்டிப் பார்க்கலாம். கல் ஆடினால் சின்னச் சத்தம் கேட்கும். புதிதாக நூலில் மாட்டத் தொடங்கினாலும் கொக்கி தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். இரண்டில் எது நடந்தாலும் அன்றே கழற்றி ஒரு டப்பாவில் போட்டு, கொக்கியைச் சரிசெய்யக் கொடுத்துவிடுங்கள்.